பெருக்காத வீட்டுக்குப் பிடித்த இரண்டு வராகன்

மகனே,

பழவேற்காட்டு முகத்துவாரத்தை மணல் மூடி, ஏரித் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் ஏறி வந்து, பசியாவரம் குப்பத்தில் அடுப்புக்குள் நண்டு ஓடிய வருடம் ஒன்று உண்டு. கோட்டைச் சிப்பாயும் குப்பத்து ஆளும் ஒரே கூடையின் இரண்டு காதையும் பிடித்து மண் சுமந்து வாயைத் திறந்துவிட்ட வருடம். அதே வருடம் கோட்டையின் கொடிமரம் காற்றில் முறிந்தது. புது மரம் கப்பலில் வந்து சேரும்வரை ஒல்லாந்துக்காரர்கள் தங்கள் கொடியை ஒரு பனைமரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே வேலை இல்லாதபோதும் நாங்கள் அந்தப் பக்கம் நடப்போம். உன் பெரிய அக்காவுக்குப் பால்பல் விழுந்ததும் அந்த வருடம்தான். நீ பிறக்க இன்னும் மூன்று வருடம் இருந்தது. கோட்டைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள். அது என் வாயில் நிற்பதில்லை. ஆனால் பனைமரத்தில் கொடி பறந்த வருடம் என்று சொல்லிப் பார், இந்த ஏரியைச் சுற்றி என் வயதுக்காரன் எவனுக்கும் தெரியும். அந்த வருடத்துத் தை மாதத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை உனக்குச் சொல்லவில்லை. இப்போது நீ கேட்டதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த தோணிக்காரர் நீ சொல்லி அனுப்பியதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். உன் இரண்டாவது வீட்டில் குடியிருப்பவர் இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறாராம். அவர் கொடுத்த முன்பணம் பத்து வராகன் உன் கையில் இருக்கிறதாம். வீட்டைக் கழுவவும் வெள்ளையடிக்கவும் அதில் எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம், நைனா அந்தக் காலத்தில் பழவேற்காட்டு வீட்டுக்கு எவ்வளவு பிடித்தார் என்று கேட்டிருக்கிறாய். கேட்டதில் தப்பில்லை. உங்கள் தெருவில் வீடு விட்டிருப்பவர்கள் எல்லாரும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் தோணிக்காரர் சொன்னார். அதனால் இதை நீ தெருவுக்கே கேட்க உரக்கப் படிக்கச் சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை. கைநாட்டுப் பேர்வழி நான். கோட்டை வாசலில் கடிதம் எழுதிக்கொடுக்கும் கணக்குப்பிள்ளை எனக்காக எழுதுகிறார். நீளமாகப் போகிறதே என்று இப்போதே முகம் சுளிக்கிறார். ஒரு கூடை இறால் கொடுத்திருக்கிறேன், சுளித்தாலும் எழுதுவார்.

முதலில் அந்த வீடு நமக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். என் நைனா ஏரியில் கிளிஞ்சல் அள்ளிச் சுட்டு, கோட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு கொடுத்தவர். மதில் பழுதுபார்த்து மிஞ்சிய செங்கல்லைக் கூலிக்குப் பதிலாகக் கொடுத்தார்கள். அதை வைத்து ஊருக்குள் ஒரு வீடு கட்டினார். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, மேலே ஓடு. கட்டிய பிறகுதான் தெரிந்தது, அதில் வலை உலர்த்த இடமில்லை, படகு கண்ணுக்குத் தெரியாது, வெயில் காலத்தில் உள்ளே நின்றால் காளவாயில் நிற்பது போல இருக்கும். உன் அம்மா கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், இந்தக் கல்லுக்குள் என்னால் தூங்க முடியாது என்று பாயைச் சுருட்டிக்கொண்டு குப்பத்துக் குடிசைக்கு வந்துவிட்டாள். நானும் பின்னாலேயே வந்துவிட்டேன். அன்று முதல் அந்த வீட்டைக் கோட்டை ஆட்களுக்கு வாடகைக்கு விட்டோம்.

நான் சொல்லும் வருடத்தில் அங்கே குடியிருந்தவர் கோட்டைக்குப் பீப்பாய் செய்யும் ஒல்லாந்துக்காரர். பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. தண்ணீர்ப் பீப்பாய், சாராயப் பீப்பாய், வெடிமருந்துப் பீப்பாய் என்று நாள் முழுவதும் பலகையை வளைத்து இரும்புப் பட்டை அடிப்பார். நாங்கள் அவரைப் பீப்பாய் துரை என்போம். அவருக்கு அது பிடித்திருந்தது, கோட்டைக் கப்பித்தானும் துரைதான் தானும் துரைதான் என்று நினைத்துக்கொண்டார். அவர் மனைவியைப் பீப்பாய்க்காரம்மா என்போம். அவள் மயிலாப்பூர்ப் பக்கத்துக்காரி, தகப்பன் பறங்கி, தாய் நம் பக்கத்துப் பெண். நிறம் கொஞ்சம் வெளுப்பு, வாய் முழுக்க நம் ஊர் வாய். மீன் விலை பேசுவதில் உன் அம்மாவையே அழவைத்தவள். வந்த அன்றே முன்பணம் ஆறு வராகன் எண்ணி வைத்தார்கள். மூன்று வருடம் வாடகை ஒரு நாள் தவறியதில்லை. உன் அம்மாவுக்கும் அவளுக்கும் முதல் வருடம் சண்டை, இரண்டாம் வருடம் பேச்சில்லை, மூன்றாம் வருடம் ஒருத்தியில்லாமல் ஒருத்தி சந்தைக்குப் போவதில்லை.

தை மாதம் அவருக்கு யாழ்ப்பாணத்துக் கோட்டைக்கு மாற்றல் வந்தது. கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நின்றது. உனக்குத்தான் தெரியுமே, பெரிய கப்பல் எதுவும் நம் முகத்துவாரத்துக்குள் நுழையாது. வெளியே நிற்கும், சாமானும் சனமும் சின்னப் படகில்தான் போய் ஏற வேண்டும். அவர்கள் பெட்டி படுக்கையைக் கட்டி முன்பணத்தைக் கேட்டார்கள். இங்கேதான் உன் நைனா கெட்டிக்காரனானான். கோட்டை ஆட்களுக்கு வீடு விட்டிருந்த இன்னொருவர் எனக்கு ஒரு வாரமாக ஓதியிருந்தார்: குடியிருந்தவன் போகும்போது கழுவுகிற செலவு என்று சொல்லிப் பிடி, எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம், கேட்க மாட்டார்கள், கப்பலுக்கு நேரமாகிவிடும். எனக்கும் அப்போது ஒரு பொதி சணப்பு நூல் தேவைப்பட்டது. என் பெரிய வலை பாதி ஓட்டை. நூல்காரர் இரண்டு வராகன் சொல்லியிருந்தார். ஆகவே வீட்டில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை மகனே. இரண்டு வராகனுக்கு அழுக்கு தேடினேன். நீ பத்து வராகனில் எவ்வளவு பிடிக்கலாம் என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தேன். சுவரைத் தொட்டு விரலைப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சினேன். சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு, தரை கழுவ மூன்று பெண்களுக்குக் கூலி, உப்புக்கண்டம் சமைத்த வாடை போகச் சாம்பிராணி, எல்லாம் சேர்த்து இரண்டு வராகன் என்றேன். பீப்பாய் துரை மனைவியைப் பார்த்தார். அவள் இடுப்பில் கை வைத்து என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

“சுண்ணாம்பு உன் வூட்டுக் காளவாய்ல சுட்டது. அதுக்குக் காசா? சரி, வச்சுக்க. வாடைக்குக் காசுன்றியே அண்ணே, நீ வந்து நிக்கிறதுக்கு முன்னாடி இந்த வூட்ல கருவாட்டு வாடையே இல்ல, தெரியுமா?”

துரை சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. சூடானால் மனிதன் இறங்கிவருவான் என்று நினைக்காதே, இன்னும் இறுகுவான். இரண்டு வராகனை மடியில் முடிந்துகொண்டு நான்கை அவர் கையில் வைத்தேன். அவர் அவளைப் பார்த்து ஏதோ அவர்கள் பாஷையில் சொன்னார். விடு, கப்பல்காரரிடம் பேசிக்கொள்ளலாம் என்று சொன்னாராம், பிறகு தெரிந்தது. அவள் சாவியை என் கையில் வைத்தாள். நான் நேராக நூல்காரரிடம் போய் நூலை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி குப்பத்துக்கு வந்தேன்.

அன்று கப்பல் கிளம்பவில்லை. அது தெற்கே போக வேண்டியது. காற்றோ தெற்கிலிருந்தே வந்தது. மறுநாளும் அப்படியே. கப்பல் பாயைச் சுருட்டிக்கொண்டு கண்ணெதிரே நின்றது. துரையைத் தண்ணீர்ப் பீப்பாய்களைச் சரிபார்க்க முன்னதாகவே கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். அவள் மட்டும் கரையிலேயே, கோட்டைச் சரக்கறைப் பக்கம் மூட்டை முடிச்சோடு தங்கியிருந்தாள். ஏன் அவள் ஏறவில்லை என்று நான் கேட்கவில்லை. உன் அம்மாவிடம், வீட்டைக் கழுவிவிட்டால் அடுத்த ஆளுக்கு விடலாம், போய்ப் பெருக்கு என்றேன். அவள் கூடையிலிருந்த மீனை விட்டுத் தலையைத் தூக்காமல், கப்பல் போய்விட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் நான் எப்படிப் பெருக்குவது என்றாள்.

நீ ஊர் மாறிப் போனவன், மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். நம் குப்பத்தில் ஒருவர் பயணம் போனால் அவர் போய் மறையும்வரை வீட்டைப் பெருக்க மாட்டார்கள், தண்ணீர் விட்டுக் கழுவ மாட்டார்கள். நான் கடலுக்குப் போன நாளெல்லாம் உன் அம்மா கரையில் நின்று, என் கட்டுமரம் பார்வையிலிருந்து மறைந்த பிறகுதான் துடைப்பத்தைத் தொடுவாள். தரைவழி போகிறவர் தோப்பு தாண்டினால் போதும். கடல்வழி போகிறவருக்குப் பாய் கண்ணிலிருந்து மறைய வேண்டும். அதற்கு முன் பெருக்கினால் அவர்கள் திரும்பி வரும் வழியையும் சேர்த்துப் பெருக்குவதாக அர்த்தம். எதிரிக்குக்கூட அதைச் செய்ய மாட்டார்கள். நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால் கழுவுகிற கூலியை வாங்கும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. நூல்தான் நினைவில் இருந்தது.

மூன்றாம் நாள் காலை நானும் உன் அம்மாவும் வீட்டுக்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனோம். பின்னாலேயே பீப்பாய்க்காரம்மா வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் விட்டுப்போன தூசு அப்படியே இருந்தது. சுவரில் அவள் விளக்கு வைத்த கரி அப்படியே இருந்தது. மூன்று நாளாகியும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. கழுவும் கூலி எங்கே போயிற்று என்று கேட்டாள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கோட்டை வேலைக்காரர் என்பதால் துரைக்குக் கப்பலில் இடம் சும்மா. மனைவிக்குக் காசு. ஆறு வராகன். சம்பளம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். முன்பணத்தை நம்பியே அவர்கள் இருந்தார்கள். நான்கு வராகனுக்குக் கப்பல் கணக்கர் அவளை ஏற்ற மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். காற்று திரும்பினால் துரை போய்விடுவார், அவள் இங்கே நிற்பாள். அடுத்த கப்பல் எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. கதவு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தாள். “கழுவுறதுக்குத்தானே காசு? நானே கழுவிடறேன், எடு என் ரெண்டு வராகன” என்று குனிந்தாள். உன் அம்மா பாய்ந்து துடைப்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். போகிறவளே தன் போகிற வழியைப் பெருக்குவதா, உனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று இவள். எனக்கு வழி இருந்தால்தானே பெருக்க, உன் புருஷன்தான் அதை முடிந்துவைத்திருக்கிறானே என்று அவள். இரண்டு பேரும் ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் சுற்றியது இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. ஈர்க்கு ஈர்க்காகக் கழன்று தரையெல்லாம் விழுந்தது, வீடு முன்னைவிட அழுக்கானதுதான் மிச்சம்.

இழுத்த இழுப்பில் மூலையில் கிடந்த ஒரு பழம்பாய் நகர்ந்தது. அதன் கீழே தரையில் முறம் அளவுக்குக் கருப்பாக ஒரு கறை. பீப்பாய் ஒழுகாமல் இருக்கப் பூசும் கீல் சிந்திக் காய்ந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. மேலே மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தவனுக்குக் கீழே எப்படித் தெரியும்? அவள் துடைப்பத்தை விட்டுவிட்டு அந்தக் கறையைக் காலால் தட்டிக் காட்டினாள்.

“இது நாங்க பண்ணது. இதுக்குப் புடிச்சிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்.”

உன் அம்மா கறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பது உனக்கு நினைவிருக்கும். பிறகு மிகவும் அமைதியாகப் பேசினாள். அவள் அமைதியாகப் பேசினால் நான் தோற்றேன் என்று அர்த்தம்.

“இந்தாய்யா. கப்பலு கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் இது அவுங்க வூடு. அவுங்க வூட்டு அழுக்குக்கு நீ இன்னாத்துக்குக் காசு புடிச்ச? கப்பலு மறைஞ்சுட்டா இது நம்ம வூடு. நம்ம வூட்டு அழுக்குக்கு அவுங்க இன்னாத்துக்குக் குடுக்கணும்?”

ஊரூராக வழக்கம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நம் வழக்கத்தில் நடக்கவே முடியாத ஒன்றைச் செய்திருந்தேன். கழுவாத வீட்டுக்குக் கழுவிய கூலி. உண்மையான கறை பாய்க்குக் கீழே கிடக்க, இல்லாத வாடைக்குச் சாம்பிராணி. காசைக் கொடுத்துவிடு என்றாள் உன் அம்மா. அதற்குள் அது நூலாகிவிட்டது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை உனக்கு எழுதிக் காட்ட இந்தப் பிள்ளையால் முடியாது.

நூல்காரரிடம் ஓடினேன். விற்ற நூலைத் திரும்ப எடுத்தால் பாதி விலைக்குத்தான் எடுப்பேன் என்றார் அவர். நான் செய்ததையே அவர் எனக்குச் செய்தார், குறை சொல்ல எனக்கு வாயில்லை. குப்பத்தில் அந்த வாரம் யார் கையிலும் காசில்லை. மீன் பிடித்து உலர்த்தியது இன்னும் விற்கவில்லை. நான் நூல் பொதியைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்கும்போதே முதுகில் குளிர்ச்சியாகக் காற்று பட்டது. வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று. திரும்பிப் பார்த்தால் கப்பலில் பாய் விரிக்க ஆள் ஏறுகிறார்கள். கோட்டைப் படகு கடைசி நடையாகச் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டது, காசு முழுதாக இல்லாதவளை ஏற்ற உத்தரவில்லை என்று அவளை விட்டுவிட்டு. அவள் மணலில் மூட்டை மேல் உட்கார்ந்து கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கப்பலுக்கு நூல் எப்போதும் வேண்டும், பாய் தைக்க, கிழிசல் தைக்க. இது எனக்கு அந்த நேரத்தில்தான் தோன்றியது. தோன்றியது என்று பெருமையாகச் சொல்லவில்லை, வேறு வழி எதுவும் தெரியவில்லை. உன் தாய்மாமனைக் கூப்பிட்டேன், கட்டுமரத்தைத் தள்ளினோம். நடுவில் பீப்பாய்க்காரம்மாவை ஏற்றினோம், அவள் மூட்டையைக் கயிற்றால் கட்டினோம். கட்டுமரத்தில் ஏறியறியாத பெண். முதல் அலையிலேயே இடுப்பு வரை நனைந்தாள். என்னையும், என் நைனாவையும், அவர் கட்டிய வீட்டையும், அதன் ஓடுகளையும் வரிசையாகத் திட்டிக்கொண்டு வந்தாள். உன் மாமன் முன்னால் துடுப்புப் போட்டபடி, நூல் நனைந்தால் நனையட்டும் மாமா, எடை கூடும், நல்ல விலை வரும் என்றான். உன்னிடம் மறைப்பானேன், அரை நொடி எனக்கும் அந்த ஆசை வந்தது. அவள் பொதியை இரண்டு கையாலும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். நனைஞ்ச நூல வித்து நான் கப்பல் ஏற வேணாம் என்றாள். கரையோரம் உடையும் மூன்று அலையையும் அப்படியே தாண்டினோம். அலை உடைந்து விழும்போதெல்லாம் அவள் கழுத்து வரை தண்ணீர், நூல் மட்டும் காய்ந்தபடி.

கப்பலின் ஓரத்தில் போய் நின்று கத்தினோம். பீப்பாய் துரை எட்டிப் பார்த்தார். கட்டுமரத்தில் தலையில் பொதியோடு மனைவி வருவாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். கயிறு இறங்கியது, நூல் மேலே போனது. பாய் தைப்பவர் ஒரு இழையைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்றரை வராகன் என்றார். துரை அவர் கையிலிருந்து நூலைப் பிடுங்கித் தன் பீப்பாய் ஒன்றைச் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினார். அறவில்லை. கொஞ்ச நேரம் மேலே ஒரே சத்தம். கடைசியில் கப்பல் கணக்கர் தலையை நீட்டி இரண்டு வராகனுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதோடு அவள் முடிச்சிலிருந்த நான்கும் சேர்ந்தது. ஏற்றிக்கொள்கிறேன், புத்தகத்தில் எழுத வேண்டும், பெயர் சொல் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைத்தான் கேட்டார், துரை ஏணியை இறக்கப் போயிருந்தார், நான்தானே கூட்டிவந்தவன். எனக்குத் தெரியவில்லை மகனே. மூன்று வருடம் அவள் கையால் வாடகை வாங்கியிருக்கிறேன். உன் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் வைத்துக் கொடுத்த கஞ்சியை வாங்கிவந்திருக்கிறேன். பெயர் கேட்டதில்லை. என் மீனையும் வலையையும் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும், எனக்கு அவள் பெயர் தெரியாது. நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவளே அண்ணாந்து சொன்னாள். வாடகையோ முன்பணமோ எதற்கும் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

கயிற்று ஏணியில் ஒரு காலை வைத்த பிறகு திரும்பி, முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று சின்னப் பணக்காசை எடுத்து என் கையில் வைத்தாள். வழிச்செலவுக்கு வைத்திருந்தது. “இது கீலுக்கு. வேற எதுக்கும் இல்ல” என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் மறுபடியும் திட்டு விழும் என்று அவள் முகத்தில் தெரிந்தது. வாங்கிக்கொண்டேன். நான் பிடித்த காசிலேயே நியாயமான காசு அந்த மூன்று பணம்தான். அதுவும் நான் பிடித்ததில்லை, அவள் கொடுத்தது.

நாங்கள் கரைக்கு வந்தபோது உன் அம்மா துடைப்பமும் குடமுமாக மணலிலேயே நின்றிருந்தாள். பாய் சின்னதாகி, கீற்றாகி, இல்லாமல் போகும்வரை நின்றாள். பிறகுதான் நடந்தாள். அவளும் அவள் தங்கையும் ஒரு குடம் சுண்ணாம்பும் அரை நாளும், அவ்வளவுதான் அந்த வீட்டைக் கழுவியதற்கு ஆன செலவு. கீல் கறையை மட்டும் எண்ணெயும் மணலும் போட்டு நான் தேய்த்தேன். நீ தேய், உனக்குத்தான் அதற்குக் கூலி கிடைத்திருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் ஆயிற்று, முழங்கால் தோல் போயிற்று. அந்த வருடம் முழுவதும் ஓட்டை வலையில்தான் மீன் பிடித்தேன். ஓட்டை வழியாகப் போன மீனெல்லாம் யாழ்ப்பாணம் போகிறது என்று உன் மாமன் குப்பம் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனையோ பேர் குடியிருந்து போனார்கள். கதவை உடைத்தவரிடம் கதவுக்கு வாங்கினேன். அடுப்பைப் பிளந்தவரிடம் அடுப்புக்கு வாங்கினேன், அதையும் அவரோடு உட்கார்ந்து பார்த்துப் பேசி வாங்கினேன். போகிறார் என்பதற்காக எவரிடமும் வாங்கியதில்லை. அதனால் நான் ஏழையாகிவிடவில்லை. உன்னை நாகப்பட்டினத்துக்கு அனுப்பிய தோணிக்கூலி அந்த வாடகையில்தான் வந்தது.

ஆகவே நீ கேட்டதற்கு என் பதில்: எவ்வளவு பிடிக்கலாம் என்று என்னைக் கேட்காதே. அந்த வீட்டுக்குப் போ. அவர்களையும் கூட்டிக்கொண்டு போ. தரையைப் பார், பாயை விலக்கிப் பார். அவர்கள் உடைத்தது இருந்தால் அவர்களே காட்டுவார்கள், காட்டாவிட்டால் நீ காட்டு. புழங்கியதால் வந்த அழுக்குக்கு மூன்று வருடமோ ஐந்து வருடமோ வாடகை வாங்கிவிட்டாய், அதை இரண்டாம் முறை வாங்காதே. மிச்சத்தை அவர்கள் மூட்டை கட்டும் முன்பே கையில் கொடுத்துவிடு, அவர்கள் எதை நம்பிக் கிளம்புகிறார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்? உனக்கு வேண்டியது நூலா, ஓடா, மனைவிக்கு வளையலா என்று முதலில் உன் மனதைக் கேட்டுவிட்டுப் பிறகு அந்தச் சுவரைப் பார். இன்னொன்று. நீ சொல்லி அனுப்பியதில் குடியிருப்பவர், குடியிருப்பவர் என்றே ஆறு முறை வருகிறது. அவர் பெயர் என்ன, அவர் வீட்டுக்காரி பெயர் என்ன? தோணிக்காரரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொண்டு சொல்லி அனுப்பு, வராகன் கணக்கைவிட எனக்கு அது வேண்டும்.

அந்த நாளில் அங்கே இருந்தவர்களை நேற்று விரல் விட்டுப் பார்த்தேன். எனக்கு ஓதிக்கொடுத்த அந்த மனிதர் முதலில் போனார். நூல்காரர் போனார். உன் மாமன் தன் எழுபதாவது வயதிலும் துடுப்பை விடாமல் இருந்து, போன ஐப்பசியில் படுத்தவன் எழவில்லை. உன் அம்மா போனது உனக்குத் தெரியும். அவள் போன அன்று பொழுது சாயும்வரை நான் யாரையும் குடிசையைப் பெருக்க விடவில்லை. பீப்பாய் துரை யாழ்ப்பாணத்திலேயே மண்ணுக்குள் போய்ப் பல வருடமாகிறது. நான் சொல்கிறவன், என்னை எண்ணிக்கையில் சேர்க்காதே. மிச்சம் ஒருத்தி இருக்கிறாள். பல் ஒன்றுகூட இல்லை, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது, யாழ்ப்பாணத்துச் சந்தையில் மீன்காரர்கள் இன்னும் அவளைக் கண்டால் கூடையை மூடுகிறார்கள் என்று போன மாதம் வந்த தோணியில் சொன்னார்கள். பெயரையும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். கத்தரீனா.